சியெனாவிலிருந்து எல்பா வரை சைக்கிளில்: ஐம்பதைக் கடந்த இருவர் போகலாமா?

உங்களுக்கு 56 வயது, மனைவிக்கு 52. நீங்கள் ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். அவர் கல்லூரிக் காலத்துக்குப் பிறகு போன வருடம்தான் மறுபடி சைக்கிளைத் தொட்டார். இத்தாலியில் சியெனாவில் தொடங்கி எல்பா தீவில் முடிகிற எட்டு நாள் வழிகாட்டிப் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஆறு நாள் ஓட்டம், நாளொன்றுக்கு 45 முதல் 60 கிலோமீட்டர். இருவரும் சைவம், மது தொடாதவர்கள். போகலாமா, பணம் வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை இரண்டு முறை படித்தபோது உள்ளே வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் பட்டது. முன்பின் தெரியாத குழுவின் நடுவே மனைவி பின்தங்கிச் சங்கடப்படுவாரோ என்பது ஒன்று. ஒயின் குடிக்காதவர்களுக்கு ஒயின் நாட்டில் என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பணத்தைப் பற்றிய முடிவை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

நான் கோவையில் வேளாண்மை படித்து, மேற்படிப்புக்காக, சியெனாவும் எல்பாவும் இருக்கிற டஸ்கனி மாநிலத்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். முதல் இரண்டு பருவங்கள் சைக்கிள் குழுக்களின் பின்னால் வரும் வேனை ஓட்டினேன். அதன் பிறகு 12 பருவங்களாகக் குழுக்களை நானே அழைத்துப் போகிறேன். நீங்கள் சொல்லும் பாதையின் ஒவ்வொரு வளைவும் காலுக்குத் தெரியும். ஆனால் உங்கள் பயண அட்டவணையை நீங்கள் எழுதிய அளவில்தான் பார்த்திருக்கிறேன். முழங்கால், இதயம், சர்க்கரை சம்பந்தமான கேள்விகள் என் எல்லைக்கு வெளியே உள்ளவை. புறப்படும் முன் டாக்டரிடம் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். அட்டவணையில் உள்ள கிலோமீட்டரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டிய எண் வேறு: அந்த நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்பது. சென்னையில் கோவளம் வரை போய்த் திரும்பினால் நூறு மீட்டர்கூடத் தேறாது. சியெனாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் இடையிலுள்ள கியாந்தி மலைகளில் அதே 50 கிலோமீட்டரில் 900 மீட்டர், சில நாள் 1,000 மீட்டர் ஏறிவிடுவீர்கள். இங்கே ஊட்டிச் சாலை போல நெடுநேரம் ஒரே சீராக ஏறும் மலை கிடையாது. ரம்பத்தின் பல்லைப் போல இருக்கும். இரண்டு கிலோமீட்டர் ஏறுவீர்கள், மூன்று நிமிடத்தில் ஓடைக்கரைக்கு இறங்கிவிடுவீர்கள், பாலத்தைத் தாண்டியதும் மறுபடி ஏற்றம். ஊர்கள் எல்லாம் குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. ராத்தா என்ற ஊர் சுமார் 530 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதியச் சாப்பாடு, காபி, இரவுத் தங்கல் எல்லாமே ஏற்றத்தின் முடிவில்தான் கிடைக்கும். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கிலோமீட்டருக்கு 10 மீட்டர் ஏற்றம் என்றால் உங்கள் இப்போதைய பயிற்சியே போதும். 15 என்றால் உழைப்பு தெரியும். 20 என்றால் பயிற்சி இல்லாமல் வரக் கூடாது. நீங்கள் தேர்ந்தெடுத்த ஆறு நாட்களில் கியாந்தி நாட்களும் எல்பாவின் மேற்குச் சுற்றும் இந்த மூன்றாவது வகை. வோல்தெர்ரா என்ற மலையூரிலிருந்து கடலை நோக்கி இறங்கும் நாளும், எல்பாவுக்குக் கப்பல் ஏறும் பியோம்பீனோவுக்குப் போகும் நாளும் எளிதானவை.

பயிற்சிக்கு மூன்று மாதம் போதும். மலை இல்லாத ஊரில் எதிர்க்காற்றுதான் மலை. பிற்பகலில் கடற்காற்று எழுந்த பிறகு அதை எதிர்த்து, வழக்கத்தைவிட ஒரு படி கனமான கியரில், சீட்டிலிருந்து எழாமல் இருபது நிமிடம் மிதியுங்கள். வாரம் இரண்டு முறை இதைச் செய்தால் தொடை வேறாகிவிடும். பிறகு ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏலகிரிக்குப் போங்கள். அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளை நடுவில் எத்தனை முறை வேண்டுமானாலும் நின்று ஏறிவிட்டீர்கள் என்றால், இங்கே உங்களால் ஏற முடியாதது எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், மறுநாள் காலையில் மறுபடி சீட்டில் உட்கார முடிகிறதா என்று பார்ப்பது. தொடர்ந்து ஆறு நாள் ஓட்டுவதும் ஞாயிறு ஒருநாள் ஓட்டுவதும் வேறு வேறு. என் குழுக்களில் முதல் நாள் இரவு கால்வலி சொல்பவர் குறைவு. மூன்றாம் நாள் காலை உட்கார முடியவில்லை என்பவர்தான் அதிகம். உள்ளே மெத்தை வைத்த அரைக்கால் சட்டையை இங்கே வந்து புதிதாக வாங்காதீர்கள். சென்னையிலேயே வாங்கிப் பழகுங்கள், அதன் உள்ளே வேறு உள்ளாடை போடாதீர்கள். பழகிய சீட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால், வாடகை சைக்கிளில் மாட்டித் தர எந்த மெக்கானிக்கும் மறுப்பதில்லை.

உங்கள் மனைவிக்கு மின்சார சைக்கிள் எடுங்கள். இதை நான் தயங்காமல் சொல்கிறேன். ஐரோப்பிய விதிப்படி அதன் மோட்டார் 250 வாட் திறனுக்கு உட்பட்டது. நீங்கள் மிதித்தால்தான் உதவும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் தானே விலகிக்கொள்ளும். அதாவது மிதிப்பது அவர்தான், ஏற்றத்தின் கூர்மையை மட்டும் அது மழுக்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் நன்றாக ஓட்டுபவர், அந்த அம்மா புதியவர். "சாதாரண சைக்கிளிலேயே முயற்சி செய்யட்டும், இல்லாவிட்டால் என்ன பெருமை" என்றார் கணவர். இரண்டாம் நாள் காஸ்தெல்லீனா ஏற்றத்தில் அந்த அம்மா ஒவ்வொரு வளைவிலும் இறங்கி நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். நான்காவது வளைவில் அவர் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். "நான் எல்லாரையும் காக்க வைக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை இலை பழுத்துக் கிடந்ததை ஒருமுறையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் வேனில் இருந்த மின்சார சைக்கிளை இறக்கிக் கொடுத்தோம். அன்று மாலை ஊருக்குள் முதலில் நுழைந்தவர் அவர். கணவருக்காக ஒரு மதில்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். அன்று முதல் எந்தத் தம்பதி வந்தாலும் இருவரும் சேர்ந்து ஓட்ட வேண்டுமா, தனித்தனியே ஓட்ட வேண்டுமா என்று முதல் மாலையே கேட்டுவிடுகிறேன். நீங்களும் வீட்டில் இதைப் பேசிவிடுங்கள்.

மின்சார சைக்கிளின் குறைகளையும் சொல்ல வேண்டும். எடை 22 முதல் 25 கிலோ வரை இருக்கும். இறக்கத்தில் அந்த எடை தள்ளும், பிரேக்கைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று நிறுவனங்கள் சொல்லும் எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டுபவரின் எடை, காற்று, எந்த அளவு உதவியை வைத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து அது பாதியாகவும் ஆகும். குறைந்த உதவியில் தொடங்கி, கடைசி ஏற்றத்துக்கு மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சாதாரண சைக்கிளில் வருவதானால் அதன் மிகச் சிறிய கியரில் முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் சமமான பற்களாவது கொண்டவையா, உதாரணமாக 34-க்கு 34 இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பந்தய சைக்கிளுக்கான கியரோடு இந்த ஊருக்கு வந்தால் முழங்கால்தான் விலை கொடுக்கும்.

இப்போது சொல்லப்போவது சிறிய விஷயம் போலத் தெரியும், ஆனால் நான் பார்த்த விழுதல்களில் பல இதனால்தான். நம்மூர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை பிரேக் முன்சக்கரத்துக்கு. இங்கே வாடகைக்குக் கிடைப்பவற்றில் வழக்கமாக இடக்கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. முப்பது வருடப் பழக்கம் கையில் இருக்கிறது. இறக்கத்தில் திடீரென்று ஒரு கார் எதிரே வந்தால் யோசிக்க நேரம் இருக்காது, கை தானாகவே பழைய பிரேக்கைப் பிடிக்கும். சியெனாவுக்கு வெளியே ஒரு சரளை இறக்கத்தில் என் விருந்தினர் ஒருவர் இப்படி முன்பிரேக்கை இறுக்கிச் சறுக்கினார். முழங்கையில் ஆறு தையல். முதல் நாள் சைக்கிளைக் கொடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்ற முடியாத வகை என்றால், ஒரு காலி மைதானத்தில் அரைமணி நேரம் இடக்கை பிரேக்கை மென்மையாகத் தொட்டுத் தொட்டுப் பழகுங்கள். இதோடு, இங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். நேர்ச்சாலையில் மறக்க மாட்டீர்கள். காபி குடித்துவிட்டு, ஆளில்லாத கிராமத்துச் சாலையில் முதல் மிதி மிதிக்கும்போதுதான் இடப்பக்கம் போய்விடுவீர்கள். கடையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு முறையும் "வலம்" என்று ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரளைச் சாலை என்றேன். இங்கே அதற்கு ஸ்த்ராதே பியாங்கே, வெள்ளைச் சாலைகள் என்று பெயர். சுண்ணாம்பு கலந்த மண்ணும் பொடிக்கல்லும் இறுகிய, தார் போடாத பழைய வண்டிப் பாதைகள். ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் தார் போட்டு மூடிவிடும் போக்கு இருந்தது. இந்தப் பாதைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு 1997-இல் காயோலே என்ற சிற்றூரில் லெரோயிகா என்ற சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. இன்றும் பழைய காலத்து இரும்புச் சட்டச் சைக்கிள்களில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். 2007 முதல் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் இந்தச் சாலைகளின் பெயரிலேயே நடந்து, சியெனாவின் காம்போ சதுக்கத்தில் முடிகிறது. நீங்கள் பயப்பட வேண்டாம். டயர் 35 மில்லிமீட்டராவது அகலம் இருக்கட்டும், கைப்பிடியை இறுக்காமல் தளர்த்திப் பிடியுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள். இரு பக்கமும் சைப்ரஸ் மரங்கள், சக்கரத்தின் கீழ் நறநறவென்ற சத்தம், பின்னால் எழும் வெள்ளைப் புழுதி. மாலையில் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலில் அந்தப் புழுதி ஒரு வளையமாக இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நானும் வேலை நேரத்தில் ஒயின் தொடுவதில்லை. இங்குள்ள சட்டத்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். ஆனால் இந்த நிலத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகு கோப்பையில் இருப்பதைவிட அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கியாந்தியின் எல்லையை 1716-இலேயே டஸ்கனியை ஆண்ட மெதிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ ஆணை போட்டு வரையறுத்தார். எந்த ஊரில் விளைந்தால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று நிலத்தோடு ஒயினைக் கட்டிப்போட்ட உலகின் ஆரம்பகால ஆணைகளில் அது ஒன்று. இன்று கியாந்தி கிளாசிக்கோ என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் குறைந்தது 80 சதவிகிதம் சாஞ்சொவேசே என்ற திராட்சை இருக்க வேண்டும். புட்டியின் கழுத்தில் ஒரு கருஞ்சேவல் முத்திரை இருக்கும். அதற்குக் கதை உண்டு. எல்லைத் தகராறைத் தீர்க்க, சேவல் கூவியதும் சியெனாவிலிருந்தும் ஃபிளாரன்ஸிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்படுவது, சந்திக்கும் இடம் எல்லை என்று முடிவாயிற்றாம். சியெனாக்காரர்கள் தங்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறார இரை போட்டார்கள். ஃபிளாரன்ஸ்காரர்கள் கருஞ்சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடியும் முன்பே கூவிவிட்டது. இருவரும் சந்தித்தது சியெனாவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்ளேயே, ஃபோந்தெருத்தோலியில். இது கதைதான், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊர் வழியாக நீங்கள் போவீர்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அந்தக் குதிரைக்காரனை நான் நினைத்துக்கொள்வேன்.

கதையைவிட எனக்கு நெருக்கமானது அந்தக் குன்றுகளின் மேல் தனித்தனியாக நிற்கும் கல்வீடுகள். ஏன் ஒவ்வொரு மேட்டிலும் ஒற்றை வீடு என்று குழுவில் யாராவது கேட்பார்கள். இங்கே மெட்சாத்ரியா என்ற வாரச் சாகுபடி நூற்றாண்டுக்கணக்கில் நடந்தது. நிலமும் வீடும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. தஞ்சைப் பக்கத்து வாரக் குடிகளைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு குடும்பம், ஒரு பண்ணைத் துண்டு, அதன் நடுவே ஒரு வீடு. கீழே மாட்டுத் தொழுவம், மேலே மனிதர்கள். மாட்டின் சூடு மேல்தளத்துக்கு ஏறும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். 1964-இல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடுத்தது. வீடுகள் காலியாகின. நீங்கள் தங்கப்போகும் பண்ணை விடுதிகளில் பல அப்படிக் காலியானவைதான். உணவுக் கூடத்தின் சுவரில் இன்னும் இரும்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டைக் கட்டிய வளையம் அது.

ஒயின் நிலவறைகளுக்குள் தயங்காமல் போங்கள். குடிக்க மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை. ருசி பார்ப்பவர்களே வாயில் வைத்துத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். செப்டம்பர் கடைசியில் போனால் சாஞ்சொவேசே அறுவடை நடந்துகொண்டிருக்கும். தொட்டியில் நுரைத்து எழும் சாற்றின் வாசனையை முகர்ந்து பாருங்கள். அதற்கு மது குடித்தவராக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் இறங்கி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். கலேஸ்த்ரோ என்று ஒரு கல் உண்டு, விரலால் நெரித்தால் சீவல் சீவலாக உதிரும். நீர் தங்காது, வேர் ஆழத்துக்குத் துளைத்துக்கொண்டு போகும். வரிசையின் முனையில் ரோஜாச் செடி வைத்திருப்பார்கள். பூஞ்சை நோய் முதலில் ரோஜாவைத் தாக்கி எச்சரிக்கை கொடுக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இன்று யாரும் அதை நம்பி மருந்து அடிப்பதில்லை, அழகுக்காகவே வைக்கிறார்கள். ஆலிவ் எண்ணெய் ருசிக்கும் அமர்வு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். நல்ல புது எண்ணெய் நாக்கில் பச்சைப்புல் போலத் தொடங்கித் தொண்டையில் மிளகாய் போல உறைக்கும். இருமல் வந்தால் எண்ணெய் தரமானது என்று கைதட்டுவார்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு டஸ்கனி தயவான இடம். ஏழைக் குடியானவரின் சமையல் இது, இறைச்சி அவர்களுக்குப் பண்டிகைக்குத்தான். உப்பில்லாத ரொட்டி, அது காய்ந்தால் கறுப்பு முட்டைக்கோஸும் வெள்ளை அவரையும் சேர்த்து மறுபடி கொதிக்கவைக்கும் ரிபொல்லீத்தா, தக்காளியில் ஊறிய பாப்பா அல் பொமொதோரோ, பூண்டுத் தக்காளிக் குழம்போடு பீச்சி என்ற தடித்த கைநூடுல்ஸ். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். காய்கறி சூப்பைக் கோழிச்சாற்றில் கொதிக்கவைத்திருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். அது உங்களுக்கு ஏற்புடையதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் தெரிந்து முடிவு செய்யுங்கள். "சேன்ஸா கார்னே, சேன்ஸா பெஷே, சேன்ஸா ப்ரோதோ தி கார்னே" என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று பொருள். கடற்கரைக்கு வந்துவிட்டால் கொண்டைக்கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் தண்ணீரும் உப்பும் மட்டும் கரைத்து, பெரிய வட்டத் தட்டில் விறகு அடுப்பில் சுட்ட அடை ஒன்று கிடைக்கும். மேலே மிளகுத்தூள் தூவித் தாளில் சுருட்டித் தருவார்கள். நான் முதன்முதலில் அதைத் தின்றபோது எங்கள் வீட்டு அடுப்படிதான் கண்முன் வந்தது.

வோல்தெர்ரா ரோமானியருக்கு முந்தைய எத்ரூஸ்கர் காலத்து ஊர், மேலே ஏற வேண்டும். அங்கிருந்து இறங்கினால் நிலம் மாறுகிறது. மேடுகள் தாழ்கின்றன, காற்றில் உப்பு வருகிறது. போல்கெரி என்ற ஊருக்குள் நுழையும்போது ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்ச்சாலை, இரு மருங்கிலும் 2,000-க்கும் மேற்பட்ட சைப்ரஸ் மரங்கள். இந்தப் பகுதியில்தான் ஒருவர் ஊர் வழக்கத்தை மீறி பிரெஞ்சுத் திராட்சையான கபர்னே சோவினியோனை நட்டார். 1968-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து சாஸ்ஸிகாயா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஊர் விதிப்படி அதற்குத் தகுதிப் பெயர் கிடையாது என்பதால், நெடுங்காலம் சாதாரண மேசை ஒயின் என்ற முத்திரையோடுதான் இத்தாலியின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று விற்றது.

பியோம்பீனோவிலிருந்து எல்பாவின் துறைமுகமான போர்ட்டோஃபெர்ராயோவுக்குக் கப்பலில் சுமார் ஒரு மணி நேரம். சைக்கிளைக் கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் கயிற்றால் கட்டிவிட்டு மேலே போய்விடலாம். எல்பா இத்தாலியின் மூன்றாவது பெரிய தீவு, சுமார் 224 சதுர கிலோமீட்டர்தான். 1814 மே மாதம் நெப்போலியன் இங்கே நாடு கடத்தப்பட்டு வந்து, 1815 பிப்ரவரி 26 அன்று தப்பிப் போனார். அவருடைய எல்பாக் கொடி வெள்ளைத் துணியில் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை, அதன்மேல் மூன்று பொன்தேனீக்கள். அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். தீவின் மேற்குச் சுற்றுக்குத்தான் முழுநாளும் வேண்டும்.

அதை எந்தத் திசையில் ஓட்டுகிறீர்கள் என்பது முக்கியம். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், மார்ச்சானா மரீனாவிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் அப்போது நாள் முழுவதும் கடல் உங்கள் பக்கமே இருக்கும். பெரிய ஏற்றமும் காலையிலேயே முடிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து போஜ்ஜோ வழியாக மார்ச்சானா வரை 375 மீட்டர், வடக்குச் சரிவு ஆகையால் கஷ்கொட்டை மரங்களின் நிழல். மார்ச்சானாவைத் தாண்டி மேற்கே திரும்பியதும் மரங்கள் நின்றுவிடும். கருங்கல் பாறைகள், கீழே கடல், வானம் தெளிந்த நாளில் எதிரே கார்சிகாவின் மலைகள். கியெஸ்ஸி, போமோந்தே என்ற இரண்டு சிற்றூர்களுக்கு மேலே சரிவு முழுவதும் கல்லடுக்கிய படிகள் தெரியும். ஒரு காலத்தில் அவ்வளவும் திராட்சை. இப்போது புதர். சில குடும்பங்கள் மறுபடி நட்டு வருகிறார்கள். பழுத்த கறுப்புத் திராட்சையை வெயிலில் உலர்த்திப் பிழியும் அலெயாத்திகோ என்ற இனிப்பு ஒயின் இந்தத் தீவின் அடையாளம். தீவின் கிழக்குப் பாதி வேறு உலகம். எத்ரூஸ்கர் காலத்திலிருந்து இரும்பு தோண்டிய இடம். 1981-இல் சுரங்கங்களை மூடினார்கள். ரியோ மரீனா அருகே இறங்கி நின்று டயரைப் பாருங்கள். ஒட்டிய செம்மண்ணில் இரும்புத் தாதுவின் துகள்கள் வெயிலில் மினுங்கும். கையால் துடைத்தால் விரல்நுனி கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் துரு நிறமாக இருக்கும். என் மகளுக்கு அந்த மண்ணை ஒரு சின்னப் புட்டியில் கொண்டுபோக நினைத்து, இது தேசியப் பூங்கா ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

எப்போது வருவது? மே முதல் ஜூன் பாதி வரை, அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜூலை, ஆகஸ்டில் கியாந்தி கொதிக்கும். ஆகஸ்டில் எல்பாவின் சாலைகள் விடுமுறைக் கார்களால் நிறைந்துவிடும். மழையும் காற்றும் எவர் கையிலும் இல்லை. தென்மேற்கிலிருந்து லிபேச்சோ என்ற காற்று பலமாக அடித்தால் கப்பல் நின்றுபோகலாம். ஊர் திரும்பும் விமானத்தை எல்பாவிலிருந்து புறப்படும் அதே நாளில் வைக்காதீர்கள். நடுவே ஓர் இரவு பீசாவிலோ ஃபிளாரன்ஸிலோ தங்குங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் சைக்கிள் ஓட்டும்போது நேரும் காயம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சில பத்திரங்கள் விலக்கிவிடுகின்றன.

வழிகாட்டியோடு போவதா, நீங்களே போவதா என்ற யோசனையும் உங்களுக்கு இருக்கலாம். முதல் முறை, இருவரில் ஒருவர் புதியவர் என்றால் வழிகாட்டி வேண்டும் என்பேன். வழியைக் காட்ட இப்போது கைபேசியே போதும். நீங்கள் பணம் கொடுப்பது பின்னால் வரும் வேனுக்கும், கடைசியில் ஓட்டுபவரின் வேகத்திலேயே கூட வரும் அந்த இன்னொரு ஆளுக்கும்தான். ஆகவே நிறுவனத்துக்கு இதை எழுதிக் கேளுங்கள்: ஒவ்வொரு நாளும் எத்தனை மீட்டர் ஏற்றம்? குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், வழிகாட்டி எத்தனை பேர்? வேன் நாள் முழுக்கப் பின்னால் வருமா, இல்லை பெட்டிகளை மட்டும் அடுத்த விடுதியில் இறக்கிவிட்டுப் போய்விடுமா? மின்சார சைக்கிள் உங்கள் மனைவியின் உயரத்துக்கு உண்டா? கப்பல் டிக்கெட்டும் தீவுக்கான வரியும் விலையில் அடக்கமா? இரண்டாவதும் மூன்றாவதும்தான் முக்கியம். அவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

நேரான பதில் வந்தால், உங்கள் மனைவிக்கு மின்சார சைக்கிளும் மூன்று மாதப் பயிற்சியும் என்ற நிபந்தனையோடு, போகலாம் என்பதே என் பதில். நாள்வாரி ஏற்றக் கணக்கு கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். எந்த நாள் காலையில் அவர் வேனில் ஏறி, எந்த ஊரில் இறங்கி மிச்சத்தை ஓட்டலாம் என்று ஒவ்வொரு நாளாகப் பார்த்துச் சொல்கிறேன்.